வெப்சைற் பிள்ளை

நான் ஒரு இணையத்தளம் நடத்துகிறேன் என்று கம்பஸில் யாரிடமாவது சொன்னால் இரண்டு கேள்விதான் வரும். எவ்வளவு வியூஸ்? எவ்வளவு காசு வரும்? முதலாவதுக்குப் பதில்: சாதாரண நாளில் முப்பது, நாற்பது பேர். கோயில் கொடியேறினால் இருநூறு. பழைய தலைமை ஆசிரியர் ஒருவர் மோசம் போனபோது ஒரே இரவில் ஆயிரத்தைத் தாண்டியது. இதுவரைக்கும் அதுதான் சாதனை. இரண்டாவதுக்குப் பதில்: காசு வராது, போகும். அதோடு கதை வேறு பக்கம் திரும்பிவிடும். நண்பிகளைக் குறை சொல்ல ஏலாது. யூடியூப் சனல் என்றாலாவது புரியும். இந்தக் காலத்தில் யார் தனியாக வெப்சைற் வைத்திருக்கிறார்கள்?

ஊர்ச் சனத்துக்கு மட்டும் நல்லாகப் புரியும். அவையளுக்கு நான் ‘வெப்சைற் பிள்ளை’. என்னுடைய பெயர் தெரியாதவர்கள்கூட லண்டனிலிருந்து அம்மாவுக்குக் கோல் எடுத்து, “வெப்சைற் பிள்ளை நிக்கிறாவோ?” என்று கேட்பார்கள்.

எங்கட ஊர் வலிகாமம் வடக்கில். பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் கீழே வரப்போகிற குடும்பக் கதை யாருடையது என்று அரை மணித்தியாலத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். 1990 ஆனியில் ஊர் முழுக்க எழும்பிப் போனது. பிறகு அது உயர்பாதுகாப்பு வலயம். நான் பிறந்தது சுன்னாகத்தில் ஒரு வாடகை வீட்டில். பதினைந்து வயது வரைக்கும் எங்கட ஊரை நான் பார்த்தது கணினித் திரையில் மட்டும்தான். அந்தத் திரையில் ஊரைக் கட்டி வைத்திருந்தவர் அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணா, சுவிஸ் மாமா.

மாமா எண்பதுகளின் கடைசியில் சுவிஸுக்குப் போனவர். பகலில் ஒரு உணவகத்துக் குசினியில் வேலை. இரவில், ஜேர்மன் மொழியில் இருந்த ஒரு நூலகப் புத்தகத்தை வைத்து, எச்.டி.எம்.எல் பழகியிருக்கிறார். முதல் பக்கத்தை 1998இல் ஜியோசிற்றீஸில் போட்டார். எங்கட வயதுக்காரருக்கு ஜியோசிற்றீஸ் தெரியாது. எனக்கும் மாமா சொல்லித்தான் தெரியும். இலவசமாகப் பக்கம் வைத்துக்கொள்ள இடம் தந்த நிறுவனம் அது. அதில் வேடிக்கை என்னவென்றால், அந்த இடங்களைக் குறிச்சி குறிச்சியாகப் பிரித்து வைத்திருந்தார்கள். சினிமாக்காரருக்கு ஹொலிவூட், படிப்பு, தத்துவம் எழுதுகிறவர்களுக்கு ஏதென்ஸ் என்று. நீங்கள் ஒரு குறிச்சியைத் தெரிவு செய்தால் உங்களுக்கு ஒரு வீட்டு இலக்கம் கிடைக்கும். “சொந்த ஊருக்குப் போக வழியில்லை, ஏதென்ஸில காணி பிடிச்சன்” என்று மாமா இப்பவும் சிரிப்பார்.

அந்த முதல் பக்கத்தில் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. வெள்ளைத் தாளில் கையால் எழுதி, ஸ்கான் பண்ணி, படமாகப் போட்டிருந்தார். ஊர்ப்பெயர், அம்மன் கோயில், பள்ளிக்கூடத்தின் ஒரு மங்கல் படம், கீழே “தெரிந்தவர்கள் தொடர்புகொள்ளவும்” என்று ஒரு வரி. அவ்வளவுதான். இரண்டு மாதம் ஒருவரும் வரவில்லையாம். மூன்றாம் மாதம் நோர்வேயிலிருந்து ஒருவர் எழுதினார்: கோயிலுக்கு மேற்குப் பக்கம் இருந்த சைக்கிள் கடைக்காரரின் மகன்.

1999இல் ஜியோசிற்றீஸை யாகூ வாங்கியது. 2009 ஒக்ரோபரில் அதை மூடிவிட்டார்கள். உலகம் முழுக்க லட்சக்கணக்கான சனம் கட்டி வைத்த பக்கங்கள் ஒரே நாளில் போயின. அந்த வருடம் எங்கட சனத்துக்கு வேறு கவலை. யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். மாமா தப்பிவிட்டார். 2003இலேயே சொந்த டொமைன் வாங்கி ஊரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். “ஒத்திக்கு இருந்தது காணும், அறுதியா வாங்குவம் எண்டு நினைச்சன்.” உண்மையில் டொமைன் அறுதி இல்லை, வருடாவருடம் கட்டுகிற குத்தகைதான். ஒரு வருடம் விட்டால் வேறொருவன் வந்து இருந்துவிடுவான். எங்கள் பக்கத்து ஊர் ஒன்றுக்கும் இதே போல ஒரு தளம் இருந்தது. நடத்தியவர் காலமானபிறகு யாரும் பணம் கட்டவில்லை. இப்போது அந்த ஊரின் பெயரைத் தட்டினால் சூதாட்ட விளம்பரம் வரும்.

மாமாவின் தளத்தில் எனக்குப் பிடித்தது வரைபடம். கணினியோடு வருகிற பெயின்ற் மென்பொருளில் சுட்டியால் கீறியது. கோடுகள் நடுங்கும். கோயில், பள்ளிக்கூடம், சங்கக்கடை, வாசிகசாலை, கடற்கரை ஒழுங்கை இவ்வளவையும் நினைவிலிருந்து போட்டுவிட்டு, மீதியை விருந்தினர் பதிவேட்டில் வந்தவர்களிடம் கேட்டிருக்கிறார். பதில்கள் வரத் தொடங்கின. ஒருவர் தங்கள் வீட்டுக் கிணற்றைச் சொல்வார். இன்னொருவர், அந்தக் கிணறு பங்குக் கிணறு, எங்களுக்கும் அதில் பங்கு இருக்கிறது என்பார். பிரான்ஸிலிருந்து ஒருவரும் கனடாவிலிருந்து ஒருவரும் ஒரு பனை வடலி எந்த வேலிக்குள் நின்றது என்று மூன்று மாதம் சண்டை பிடித்திருக்கிறார்கள். அந்த நேரம் அந்தக் காணிக்குக் கிட்டவே யாரும் போக முடியாது. வேலியும் இல்லை, வடலி இருந்ததா என்பதும் தெரியாது. சண்டை மட்டும் சரியாக நடந்திருக்கிறது. மாமா ஒவ்வொரு சண்டையையும் வரைபடத்தில் குறித்தார். அந்த வடலியின் பக்கத்தில் இப்பவும் ஒரு கேள்விக்குறி நிற்கிறது.

2015இலிருந்து காணிகளைத் துண்டு துண்டாக விட்டார்கள். மயிலிட்டித் துறைமுகப் பக்கம் விட்டது 2017 யூலையில். எங்கட ஊரின் ஒரு பாதியும் அந்தக் கிட்டடியில்தான். போய்ப் பார்த்தால் வீடுகள் இல்லை. சுவர் இல்லை, மதில் இல்லை, சில இடத்தில் ஒழுங்கையே இல்லை. ஆளுயரப் பற்றை. அம்மா போன முதல் நாள், எங்கட காணி எங்கே என்று அவவுக்கே தெரியவில்லை. அப்போதுதான் சனம் மாமாவின் வரைபடத்தைக் கடையில் அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதைக் கண்டேன். கோயிலிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தார்கள். மூன்றாவது ஒழுங்கை, இடது பக்கம், இரண்டாவது கிணறு. கிணறுகள் மட்டும் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருந்தன. நிலத்துக்குள் இருப்பதால் தப்பியிருக்கும்.

பிறகு நான் அந்த வரைபடத்தைச் செய்மதிப் படத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகிற ஒழுங்கை மாமாவின் வரைபடத்தில் உண்மையான நீளத்தைப்போல இரண்டு மடங்கு. சின்ன வயதில் நடந்த ஒழுங்கை அல்லவா. கடற்கரை மிகக் கிட்ட இருந்தது. அது ஓடிப்போகிற இடம். அளவு சரியான புதிய வரைபடம் ஒன்றைச் செய்து போட்டிருக்கிறேன். பழையதைத் தூக்கவில்லை. பார்க்க வருகிறவர்கள் பழையதைத்தான் கேட்கிறார்கள்.

தளம் என் கைக்கு வந்தது 2020இல், ஊரடங்கு நேரம். ஏ.எல் சோதனை தள்ளிக்கொண்டே போனது. மாமாவுக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை. “கொஞ்ச நாளைக்குப் பார் பிள்ளை” என்று பாஸ்வேர்ட்டை வைபரில் அனுப்பினார். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

உள்ளே போய்ப் பார்த்தால் எல்லாம் பாமினி.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பாமினி ஒரு எழுத்துரு. ஆங்கில எழுத்துகள் இருக்க வேண்டிய இடங்களில் தமிழ் எழுத்துகளின் உருவத்தைக் கீறி வைத்திருப்பார்கள். நீங்கள் ‘அம்மா’ என்று அடித்தால் கண்ணுக்கு அம்மா என்று தெரியும். கணினிக்குள் கிடப்பது எம், கே, ஒரு அரைப்புள்ளி, இன்னொரு கே, எச். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் இந்த ஆங்கில எழுத்துகள்தான் குப்பை மாதிரித் தெரியும். யூனிகோட்டில் தமிழ் 1991இலேயே இடம் பிடித்துவிட்டது. ஆனால் எங்கட சனத்தின் மேசைக்கு அது வந்து சேரப் பத்து வருடத்துக்கு மேல் எடுத்தது. அதுவரைக்கும் பாமினிதான் எங்கட தமிழ். இப்பவும் யாழ்ப்பாணத்தில் பல அச்சகங்களில், அலுவலகங்களில் அதுதான். கம்பஸில் எங்களுக்குத் தருகிற சில குறிப்புகள்கூட.

மாமாவின் தளத்தில் பதினேழு வருடத் தமிழ் இருந்தது, கணினியைப் பொறுத்தவரை ஒரு சொல்லும் தமிழ் இல்லை. யாராவது தன்னுடைய அப்பம்மாவின் பெயரைத் தமிழில் அடித்துத் தேடினால் கூகிள் ஒன்றும் காட்டாது. அப்பம்மா அங்கே இருப்பா, ஆனால் கே, பி, ஓ என்று வேறு உருவத்தில். வேபேக் மெஷின் இந்தப் பக்கங்களில் பலவற்றைச் சேமித்து வைத்திருக்கிறது, அதுவும் இதே உருவத்தில்தான்.

சுரதாவின் எழுத்துரு மாற்றியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாக மாற்றினேன். ஒட்டுவது, மாற்றுவது, திரும்ப ஒட்டுவது. கேட்க லேசாக இருக்கும். சிக்கல் எங்கே வந்தது என்றால், தமிழுக்கு நடுவில் இருந்த ஆங்கிலச் சொற்களையும் மாற்றி தமிழாக்கிவிடும். லண்டன் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்த இடமெல்லாம் ‘டுழனெழ’ என்று வந்தது, பின்னால் தனியாகத் தொங்குகிற ஒரு கொம்போடு. முதல் வாரம் இதைப் பார்த்து நானும் தங்கச்சியும் விழுந்து விழுந்து சிரித்தோம். எங்கட வீட்டில் இப்பவும் லண்டன் சித்தியை டுழனெழச் சித்தி என்றுதான் சொல்வது. இரண்டாம் மாதம் சிரிப்பு நின்றுவிட்டது. அறுநூறுக்கு மேல் பக்கங்கள். ஒவ்வொன்றையும் வாசித்துத்தான் திருத்த முடியும். அதில் பெரும்பங்கு மரண அறிவித்தல்.

உண்மையைச் சொன்னால், இந்தத் தளத்தை உயிரோடு வைத்திருப்பது மரண அறிவித்தல்தான். முன்னர் இலங்கை வானொலியில் மரண அறிவித்தல் போகும்போது வீட்டில் சத்தம் போடக்கூடாது என்று அம்மம்மா சொல்லியிருக்கிறா. பிறகு பத்திரிகை. பிறகு இது. எழுதுகிற முறை மாறவே இல்லை. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன இடத்தை வதிவிடமாகவும் கொண்டவர். இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் அன்பு மனைவியும், இன்னாரின் பாசமிகு தாயாரும், இன்னாரின் மாமியாரும், மைத்துனியும், பேத்தியாரும். சின்ன வயதில் எனக்கு இது அலுப்பு. நூறு அறிவித்தலைத் திருத்தின பிறகுதான் விளங்கியது, இது ஒரு குடும்ப மரத்தை வசனமாக எழுதுகிற முறை. ஒருவரின் அறிவித்தலில் மருமகனாக வருகிறவர் இன்னொரு அறிவித்தலில் மகனாக வருவார். இரண்டையும் சேர்த்தால் ஒரு கொப்பு வரும். முப்பத்தோராம் நாள் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகங்களும் இப்படித்தான். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் அந்த நினைவு மலர்களையும் தேடித் தேடி மின்வடிவமாக்குவது ஏன் என்று அப்போது புரிந்தது. சாதாரண ஒரு கமக்காரரின், கடற்றொழிலாளியின் பெயர் வேறு எந்தப் புத்தகத்தில் வரப்போகிறது?

அறிவித்தல்களை வைத்து நான் ஒரு சுட்டி செய்யத் தொடங்கினேன். ஒரு பெயரை அழுத்தினால் அவருடைய பெற்றோர், பிள்ளைகள், சகோதரங்கள் வரும். பிரான்ஸில் பிறந்த ஒரு பெடியன், தமிழ் வாசிக்கத் தெரியாதவன், அதை வைத்துத் தன் தாத்தாவின் தம்பியின் குடும்பத்தைக் கண்டுபிடித்து எழுதினான். அன்றைக்கு முழுக்க நான் சந்தோசமாகத் திரிந்தேன்.

அந்தச் சுட்டியால்தான் பிரச்சினையும் வந்தது.

2021இல் ஒரு ஐயா காலமானார். அறிவித்தலைக் கனடாவிலிருந்து மூத்த மகன் அனுப்பினார். “பாசமிகு தந்தையும்” என்ற இடத்தில் மூன்று பிள்ளைகளின் பெயர். போட்டோம். நாலு மாதம் கழித்து ஜேர்மனியிலிருந்து ஒரு மின்னஞ்சல். இரண்டே வரி. “நான் அவருடைய நாலாவது பிள்ளை. என் பெயரைச் சேர்க்க முடியுமா?”

அம்மாவிடம் கேட்டேன். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “ஓம், ஒரு மகள் இருந்தவ. வேற ஆக்களைக் கலியாணம் கட்டினவ” என்றா. வேற ஆக்கள் என்றால் என்னவென்று யாழ்ப்பாணத்தில் விளக்கத் தேவையில்லை. இருபத்தைந்து வருடமாக அவவோடு யாரும் கதைக்கவில்லையாம். தகப்பன் மட்டும் ஒளித்து ஒளித்துக் கோல் எடுத்துக் கதைத்திருக்கிறார். அதை அவ பிறகு எழுதினா.

மாமா சொன்னார், “அறிவித்தல் தந்தவைதான் உரிமைக்காரர். நாங்கள் கை வைக்கக்கூடாது.” மூத்த மகனிடம் கேட்டேன். அவர் சத்தம் போடவில்லை, மரியாதையாகத்தான் கதைத்தார். “தங்கச்சி, இது எங்கட குடும்ப விசயம். நாங்கள் தந்ததை மாத்த உங்களுக்கு அதிகாரம் இல்லை.”

எனக்கும் அறிவித்தலை மாற்ற விருப்பமில்லை. வரலாற்றுப் பாடத்தில் மூலாதாரம் என்று படிக்கிறோமே, அது ஒரு மூலாதாரம். ஒரு குடும்பம் 2021இல் தன்னை எப்படிக் காட்டிக்கொண்டது என்பதற்குச் சாட்சி. அதில் நான் ஒரு பெயரைச் செருகினால் அந்தச் சாட்சி பொய்யாகும். யாரை விட்டார்கள் என்பதும் தெரியாமல் போய்விடும். ஆனால் சுட்டி? அதை எழுதுவது நான். அந்த ஐயாவின் பிள்ளைகள் யார் என்று அதில் மூன்று பெயர் மட்டும் போட்டால், தெரிந்துகொண்டே நான் எழுதுகிற பொய் அது. குடும்பத்தின் மனத்தாங்கலை வெப்சைற் பிள்ளை ஏன் தன் கையெழுத்தில் எழுத வேண்டும்?

இரண்டு கிழமை யோசித்தேன். அறிவித்தலில் ஒரு புள்ளியும் மாற்றவில்லை. சுட்டியில் நாலு பிள்ளைகள் என்று போட்டேன். அந்த அக்காவுக்கு எழுதினேன்: உங்கள் அப்பாவைப் பற்றி நீங்கள் ஏதாவது எழுதித் தந்தால் அவருடைய பக்கத்தில் தனியாகப் போடுகிறேன், உங்கள் பெயரில். அவ ஒரு படம் அனுப்பினா. சைக்கிள் பாரில் ஒரு சின்னப் பிள்ளை, பின்னால் வேட்டியைச் சண்டிக்கட்டாகக் கட்டிய ஒரு மனிசன். கீழே ஆறேழு வரி. அவர் கிழமையில் ஒரு நாள் தன்னைக் கடற்கரைக்கு ஏற்றிக்கொண்டு போவார், திரும்பி வரும்போது பாரில் நித்திரையாகிவிடுவேன் என்று. அவ்வளவுதான். சண்டை பற்றி ஒரு சொல் இல்லை.

மூத்த மகன் அதற்குப் பிறகு தளத்துக்குக் கொடுத்துவந்த காசை நிறுத்தினார். அவரோடு சேர்த்து ஏழெட்டுப் பேர். ஊர் வட்ஸ்அப் குழுவில் ‘இப்பத்தைய பிள்ளைகளின் ஆட்டம்’ பற்றி நீளமான குரல் பதிவுகள் வந்தன; என் பெயரைச் சொல்லாமல். ஒரு பெரியவர் அம்மாவுக்குக் கோல் எடுத்து, “பிள்ளையைக் கொஞ்சம் அடக்கி வையுங்கோ” என்றார். அம்மா, “அவ பொய் எழுதியிருந்தால் சொல்லுங்கோ, அழிக்கச் சொல்லுறன்” என்றா. அம்மா அப்படிச் சொல்வா என்று நான் எதிர்பார்க்கவில்லை. சாதி பற்றி வீட்டில் அம்மா கதைக்கிற கதை வேறு மாதிரி.

அதற்குப் பிறகு இன்னும் இரண்டு மின்னஞ்சல் வந்தது. வேறு வேறு குடும்பம். இரண்டும் பெண்கள்.

எல்லா இடத்திலும் சேர்ப்பதுதான் சரி என்றும் நான் சொல்ல மாட்டேன். இடம்பெயர்ந்து இயங்கிய எங்கட பள்ளிக்கூடத்தின் 2003 விளையாட்டுப் போட்டிப் படங்கள் தளத்தில் இருக்கின்றன. 2010இல் ஒரு தாய் மாமாவுக்கு எழுதினா, எட்டாம் படத்தை எடுத்துவிடுங்கோ என்று. மாமா ஒரு மணித்தியாலத்துக்குள் எடுத்துவிட்டார். “ஏன் எண்டு கேட்டனீங்களோ?” என்றேன். “2010இல ஒரு தாய் கேட்டா, ஏன் எண்டு கேக்கக்கூடாது பிள்ளை.” அந்தப் பக்கத்தில் இப்பவும் ஏழாம் படத்துக்குப் பிறகு ஒன்பதாம் படம் வரும். இலக்கத்தை நான் திருத்தவில்லை.

வட்ஸ்அப் குழு என்றேன். அதன் கதை தனி. 2011, 12 அளவில் பேஸ்புக் வந்து சனத்தைத் தளத்திலிருந்து இழுத்துக்கொண்டு போனது. பிறகு வைபர், வட்ஸ்அப். ஒரு வட்ஸ்அப் குழுவில் அப்போது 256 பேருக்கு மேல் இருக்க முடியாது. எங்கட ஊர்க் குழு நிறைந்தது. இரண்டாவது குழு தொடங்கினார்கள். யார் ஒன்றில், யார் இரண்டில் என்பது தற்செயலாகத்தான் தொடங்கியது. ஒரு வருடத்துக்குள் ஒன்று கோயில் நிர்வாகத்தின் குழு, இரண்டு நிர்வாகத்துக்கு எதிரான குழு என்றாகிவிட்டது. 2022 முடிவில் வட்ஸ்அப் எண்ணிக்கையை 1024 ஆக்கியது. இரண்டையும் சேர்க்கலாம் என்று யாரோ சொன்னபோது இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு மென்பொருள்காரர் எங்கேயோ இருந்து ஒரு இலக்கத்தைத் தீர்மானிக்க, இங்கே ஒரு ஊர் இரண்டாகப் பிரிந்தது. இதை ஆய்வுக்கட்டுரைக்குத் தலைப்பாக எடுக்கலாமா என்று விரிவுரையாளரிடம் கேட்க எண்ணியிருக்கிறேன்.

குழுக்களில் தளத்தைவிட உயிர் கூட. சிரிப்பு, சண்டை, பிறந்தநாள் வாழ்த்து எல்லாம் அங்கேதான். ஆனால் போன திருவிழாப் படத்தை இந்த வருடம் தேடினால் கிடைக்காது. போன் மாற்றினவரிடம் போய்விட்டது. 2018 மார்ச்சில், கண்டிப் பக்கத்து வன்முறையின்போது, அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் ஒரு கிழமைக்குக் கிட்ட மறித்து வைத்தது. அந்தக் கிழமை ஊரில் ஒரு செத்தவீடு. சனம் மாமாவுக்கு லான்ட்லைனில் கோல் எடுத்து, தளத்தில் போடச் சொன்னதாம். “எனக்கு அண்டைக்கு மந்திரி மாதிரி இருந்தது” என்பார்.

2022 எனக்குச் சோதனையான வருடம். வருடக் குத்தகை 14 டொலர். மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபா அளவில். மே மாதமளவில் 360. எங்கட வங்கி அட்டையால் வெளிநாட்டுக்குக் காசே போகவில்லை. பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாட்களும் இருந்தன. கரண்ட் வருகிற நேரம் பார்த்து எழும்பி, போன் ஹொட்ஸ்பொட்டில் முழுத் தளத்தையும் இறக்கி வைத்தேன். எழுத்துப் பக்கங்கள் எல்லாம் சேர்த்து 40 எம்.பிகூட வராது. இருபது வருடத்து ஊர், ஒரு பாட்டு வீடியோவின் அளவு. படங்கள் 3 ஜி.பி. ஒரு பென் ட்ரைவ் வீட்டில், ஒன்று பெரியம்மா வீட்டில், ஒன்று மாமாவிடம். குத்தகையைக் கடைசியில் கட்டியது ஜேர்மனியிலிருந்த அந்த அக்கா. பத்து வருடத்துக்கு ஒரேயடியாகக் கட்டிவிட்டு ரசீதை மட்டும் அனுப்பினா. மாமாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “அந்த ஐயாவின்ர படத்தைக் கொஞ்சம் பெரிசாப் போடு” என்றார்.

எங்கட ஊரின் மற்றப் பாதி இன்னும் விடவில்லை. வரைபடத்தில் அந்தப் பக்கம் பெயர்கள் மட்டும்தான். சரிபார்க்கப் போக முடியாது. நினைவு வைத்திருக்கிறவர்களும் ஒவ்வொருவராக அறிவித்தல் பக்கத்துக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். போன கிழமை அவுஸ்திரேலியாவிலிருந்து எண்பது வயது ஆச்சி ஒருவர் பேரனைக் கொண்டு எழுதுவித்திருந்தா. வாசிகசாலைக்குப் பின்னால் புளியமரம் என்று போட்டிருக்கிறீர்கள், அது புளி இல்லை, இலுப்பை. அதற்குக் கீழே இருந்துதான் தான் கிட்டி விளையாடினது என்று. மாமாவிடம் கேட்டேன். புளிதான் என்று அடித்துச் சொல்கிறார். இரண்டையும் எழுதி, நடுவில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.